தட்டுக்கு அடியில் போன கை

அத்தியாயம் 17

"ஊர்ல சங்கத்துத் தராசுல நிறுத்திட்டுத்தான் மூட்டையைக் கட்டுதேன். இங்கன வந்தா ரெண்டு கிலோவைக் காணோம். கருவாடு வழியில எறங்கி நடந்து போயிட்டோ?"

பெரியதாழை விஜிலா நேற்றுச் சாயங்காலம் கடை வாசலில் நின்று கேட்ட கேள்வி, விடிந்த பிறகும் ஜெபசுதாவின் காதை விட்டு இறங்கவில்லை. கேள்வியைவிட, அப்போது சுற்றி நின்ற பெண்கள் யாரும் சிரிக்காமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது. சிரித்திருந்தால் அது வெறும் வாய்ச்சண்டை என்று விட்டிருக்கலாம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆக, இது விஜிலாவுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் இன்னொரு மூட்டையோட வாரேன். உன் கண்ணு முன்னாலயே நிறுப்போம். கொறஞ்சிச்சின்னா, எங்க ஊர்லருந்து ஒரு முள்ளு இந்தக் கடைக்கு வராது பாத்துக்க."

அந்த நாளைக்குத்தான் இன்று.

தூத்துக்குடியில் ஞானையா கருவாட்டுக் கடை என்றால் கடலோரத்துப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை இறக்குவார்கள். ஞானையா மூட்டு ஆபரேஷன் முடிந்து சாத்தான்குளத்து வீட்டில் படுத்தபோது கடையை மகள் ஜெபசுதாவின் கையில் கொடுத்தார். தராசுக்கு முன்னால் முதலில் உட்கார்ந்தவன் அவள் அண்ணன் ஷாம். துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு வேலைக்குப் போகும் முன் காலையில் வந்து நிறுத்துக் கொடுப்பான். மீன்பிடித் தடைக்காலத்தில் சுதாவின் புருஷன் அபிலாஷ் சவுதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். படகுகள் மறுபடி கடலுக்குப் போனதும், அந்த நாற்காலியில் மருமகன் உட்காரட்டும் என்று ஞானையாவே சொல்லி அனுப்பினார். ஷாம் சரி என்றான். முகத்தில் சரி இல்லை.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு. அதைச் சுதா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, நம்மிடமும்தான்.

தினமும் காலையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அபிலாஷ் அக்கம்பக்கம் பார்ப்பான். பிறகு வலதுகையை அந்தப் பெரிய எவர்சில்வர் தட்டுக்கு அடியில் நுழைப்பான். எதையோ தொடுவான், இல்லை, தள்ளுவான். கையை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மிஷினைப் போடுவான். தற்செயலாகத்தான் அவள் முதலில் பார்த்தாள். அதன் பிறகு பார்த்ததெல்லாம் தற்செயல் இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளியும் பூனை மாதிரி உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

விஜிலா சத்தம் போட்டுவிட்டுப் போனதும் சுதா ஷாமுக்கு மட்டும் போன் பண்ணினாள். கையைப் பற்றிச் சொல்லவில்லை, எடையைப் பற்றி மட்டும் சொன்னாள். அபிலாஷ் அந்த நேரம் சாக்குக் கடையில் சாக்கு வாங்கப் போயிருந்தான்.

"தங்கப்பாண்டியை வரச் சொல்லுதேன். அவன் தராசுக்கு முத்திரை போடுத அரசாங்க ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்குன ரிப்பேர்காரன், அவன் சொன்னா யாரும் மறுத்துப் பேச முடியாது" என்றான் ஷாம். "மிஷின்ல கோளாறுன்னா சரி பண்ணிருவோம். மிஷின் சரியா இருந்திச்சின்னா, அப்ப கோளாறு கையிலதான் இருக்கு. மாப்ளைக்குத் தம்மாம்ல விசா இன்னும் கேன்சல் ஆகலைல்லா? கெளம்பச் சொல்லிரு. அப்பா காதுக்குப் போறதுக்கு முன்னால."

அதைக் கேட்டதும் அவளுக்கு மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஜெஸ்மி, அவர்கள் மகள், யுகேஜி படிக்கிறாள். அப்பா என்றால் போனில் தெரியும் முகம் என்று வளர்ந்த பிள்ளை. வந்த புதிதில் அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். இப்போதுதான் அவன் தோளில் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறது. மறுபடியும் ஒரு ஏர்போர்ட்டில் போய் அந்தப் பிள்ளையின் கையை அவனிடமிருந்து எப்படிப் பிரித்து எடுப்பது?

ஆனால் கடலோரத்துப் பெண்களின் வயிற்றில் அடித்த காசில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடவும் அவளால் முடியாது. அவள் ஞானையாவின் மகள்.

அபிலாஷ் ஜெஸ்மியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன நேரத்தில் சுதா தனியாகக் கடையைத் திறந்தாள்.

முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். காற்று தட்டில் மோதினால் எண்கள் ஆடும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்து, தராசின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழைப் பார்த்தாள். நீர்மட்டம் பார்க்கிற குமிழி வட்டத்துக்கு நடுவில் ஒழுங்காக நின்றது. தரை சாய்வு இல்லை. பிளக்கைப் பிடுங்கி வேறு பாயிண்டில் மாட்டினாள். அதையும் எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள். சைபர் வந்து அசையாமல் நின்றது.

ஐந்து கிலோ படிக்கல்லைத் தூக்கி நடுவில் வைத்தாள். ஐந்து கிலோ காட்டியது. இருபது கிலோ கல்லை மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தாள். இருபது. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சுதாவுக்கு அழுகை வந்தது. ஒரு தப்பான எண்ணைக் காட்டித் தொலையாதா இந்தப் பாழாய்ப் போன மிஷின் என்று அதை முறைத்துக்கொண்டு நின்றாள்.

தட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் அதைத்தான் நினைத்தாள். இரண்டு ஓரத்தையும் பிடிக்கவும் செய்தாள். பிறகு விட்டுவிட்டாள். அரசு முத்திரை வைத்த மிஷின், கை வைத்தால் குற்றம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தட்டைத் தூக்குவதற்கும் முத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடியில் என்ன இருக்குமோ என்ற பயம்தான் காரணம். தெரியாதவரைக்கும் அவன் அவளுக்குப் புருஷன்.

அபிலாஷ் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். சுதா கல்லாவுக்குப் பக்கத்தில் சாக்கு மடிக்கிற மாதிரி குனிந்திருந்தாள். அவன் அக்கம்பக்கம் பார்த்தான். கை தட்டுக்கு அடியில் போனது.

"என்ன தேடுதிய?"

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள், வாய் கேட்டுவிட்டது.

அவன் கையை வெடுக்கென்று உருவினான். "ஒண்ணுமில்ல. தூசி."

அபிலாஷுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது "காபி நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிவந்த அதே காது. அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் அவனைப் பிடித்தது. இன்றைக்கு அதே காது அவனைக் காட்டிக்கொடுத்தது.

"மத்தியானம் தங்கப்பாண்டி வாரான். மிஷினைப் பாக்க" என்றாள், அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நல்லதாப் போச்சி. விஜிலாக்கா மூட்டை எனக்கும் இடிக்கத்தான் செய்யுது. தூக்கும்போது கை சொல்லுத எடை ஒண்ணு, அது காட்டுதது ஒண்ணு." அவன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நல்லவனாக இருந்தாலும் இப்படித்தான் பேசுவான். கெட்டிக்காரத் திருடனாக இருந்தாலும் இப்படித்தான் பேசுவான். சந்தேகம் வந்துவிட்டால் இதுதான் கஷ்டம், எதுவும் எதையும் தீர்த்து வைக்காது.

மத்தியானம் விஜிலா ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு வந்து இறங்கினாள். மூட்டையின் வாயைத் தைத்திருந்த நூலின் மேல் சங்கத்து ஆளின் கையெழுத்துத் துண்டு வேறு. அவளுக்குப் பின்னாலேயே ஷாம் யூனிபாரத்தோடு பைக்கில் வந்தான். பைக் பெட்டியில் எப்போதும்போலத் தூண்டில் சாமான்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாறைக்கல்லில் போய்த் தூண்டில் போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கடைசியாகத் தங்கப்பாண்டி, பெரிய டூல்ஸ் பையோடு, வரும்போதே வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தான்.

"மொதல்ல மூட்டையை வைங்க. வழக்கமா எப்படி வைப்பியளோ அப்படியே வைங்க" என்றான்.

அபிலாஷ் மூட்டையைத் தூக்கித் தட்டின் இடது மூலையில் வைத்தான். நெட்டை மூட்டையை நடுவில் வைத்தால் எண் தெரிகிற கம்பத்தை மறைத்துவிடும் என்று அந்தக் கடையில் எப்போதும் மூலையில்தான் வைப்பார்கள்.

எண் ஓடி நின்றது. விஜிலா சங்கத்தில் எடை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைந்தது.

"பாத்துக்கிட்டியா?" என்றாள் சுதாவிடம். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம் என்று சுதாவுக்குத் தோன்றியது.

தங்கப்பாண்டி மூட்டையை இறக்கச் சொல்லி, தன் சோதனைக் கற்களை நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். எண் சரியாக வந்தது. எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினான். மறுபடியும் சரி.

"மிஷின் சரியாத்தான இருக்கு?" ஷாம் கேட்டான்.

"கல்லுக்குச் சரியாத்தான் காட்டுது அண்ணாச்சி."

"அப்ப மூட்டைக்கு மட்டும் ஏன் கொறையுது?" ஷாம் அபிலாஷின் பக்கம் திரும்பினான். "மாப்ள, கோவிச்சிக்கக் கூடாது. நீங்க மூட்டையை வச்சிட்டுக் கையை எங்க வைக்கிய? காலை எங்க வைக்கிய? தம்மாம்ல சூப்பர் மார்க்கெட்ல நிறுக்கதுதான உங்க வேலை. இதுல உள்ள சூட்சுமம் எங்களைவிட உங்களுக்குத் தெரியும்."

அபிலாஷ் ஷாமைப் பார்க்கவில்லை. சுதாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தரையைப் பார்த்த கண் அப்படியே தட்டுக்கு ஏறியது. சோதனைக் கற்கள் நடுவில் அடுக்கியபடி இருந்தன. மூட்டை இருந்தது மூலையில். காலையில் அவளும் கல்லை நடுவில்தான் வைத்தாள்.

"தங்கப்பாண்டி, அந்தக் கல்லு எல்லாத்தையும் மூட்டை இருந்த மூலையில தூக்கி வையி."

"வைக்கத்தான் போறேன். நாலு மூலையும் பாக்காம சர்டிபிகேட் எழுத மாட்டேன்." அவன் சிடுசிடுத்துக்கொண்டே கற்களை நகர்த்தினான். எண் சரசரவென்று இறங்கியது. அவன் புருவத்தைத் தூக்கினான். எதிர் மூலையில் வைத்தான், சரி. மற்ற இரண்டிலும் வைத்தான், சரி. இடது மூலைக்குத் திரும்ப வந்தான், குறைந்தது.

"கையில இல்ல அண்ணாச்சி. இந்த மூலையிலதான் இருக்கு" என்று தட்டை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தான்.

அடியில் உப்புப் பூத்துக் கிடந்தது. இரும்புச் சட்டத்தின் இடது மூலையில், நிமிர்ந்து நின்ற போல்ட்டின் தலையில் ஒட்டிக்கொண்டு, ஒரு அட்டை.

சுதா அதை எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொன்று எடுக்கிற, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை. வழக்கமாகக் காகிதத்தில்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி பின்னால் காந்தம் வைத்துக் கனமாகக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எடுக்கலாம். அப்படி அவளே கோயில் தட்டில் கைவிட்டு எடுத்த அட்டை. ஓரத்தில் அவளுடைய கையெழுத்தில் "அபிலாஷ், தம்மாம்" என்று இருந்தது. அவன் வந்து இறங்கியதும் கையில் கொடுத்தாள். எங்கே வைத்தான் என்று பிறகு கேட்கவே இல்லை.

"ரொம்பப் பாரம் விழுந்தா உள்ள எடையை அளக்குத செல் ஒடிஞ்சிரக் கூடாதுன்னு மூலைக்கு ஒரு போல்ட்டு நிக்கும்" என்று தங்கப்பாண்டி விளக்கினான். "தட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல நூல் கனம்தான் எடவெளி. அட்டை அதை அடைச்சிட்டு. கனமா மூலையில வச்சா தட்டு அட்டை மேல உக்காந்துக்கிடும். அந்த மட்டுக்கும் எடை செல்லுக்குப் போகாது. இதை எந்தப் புண்ணியவான் வச்சது?"

"நான்தான்" என்றான் அபிலாஷ். காது மடல் சிவந்திருந்தது. "சாத்தான்குளத்துல வச்சி மாமா சொன்னாவ. தராசுல உக்காருதவன் அந்த வருசத்து வாக்குத்தத்தத்தைத் தட்டுக்கு அடியில வச்சிக்கிடணும். காலையில அதைத் தொட்டுட்டுத்தான் கல்லைத் தொடணும். கை தப்புப் பண்ணாதாம். வெளிய சொன்னா அது பெருமைக்குச் செய்யுத மாதிரி ஆயிரும், பொண்டாட்டிகிட்டகூட சொல்லாதிய மாப்ளன்னாவ. ஒதுக்கமாத்தான் வச்சேன். தட்டைக் கழுவும்போதோ என்னமோ நகந்து போல்ட்டுல ஒட்டிருக்கு."

அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். அவர் காலத்து அட்டை வெறும் காகிதம். எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் எந்தப் போல்ட்டுக்கும் தெரிந்திருக்காது.

சுதாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. சிரிப்புக்கூட வந்தது. அதே நேரம் அவன் அவளிடம் நடந்து வந்து, அட்டைக்காகக் கையை நீட்டினான்.

"காலையில என்ன தேடுதியன்னு கேட்ட. முன்னாடியே பாத்திருக்க, என்ன?"

"ஆமா."

"ஒனக்கும் அப்படித்தான் தோணிச்சா, சுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருக்கவும் செய்வான். ஆனால் பொய் சொன்னால் சிவக்கிற காது உள்ளவனிடம் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"தோணிச்சி" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அட்டையின் உப்பைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றான். திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"சரி, வெவகாரம் முடிஞ்சிட்டு" என்றான் ஷாம். "ஒரு அட்டை செஞ்ச வேலை. விஜிலாக்கா, கொறஞ்சதைக் கணக்குப் பாத்துக் குடுத்துருவோம். தங்கப்பாண்டி, தட்டை மாட்டு."

விஜிலா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. துண்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தம்பி எப்ப வந்தாவ?"

"தடைக்காலத்துல. உக்காந்தது அது முடிஞ்ச பொறவு" என்றாள் சுதா.

"எனக்கு ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துலருந்தே கொறையுது. மொத தடவை நான்தான் தப்பா நிறுத்தேன்னு நெனச்சேன். பெரிய வெள்ளிக்கு முன்னால ரெண்டு தடவை கொறஞ்சிச்சி. அப்ப தடையே வரலை. இந்த அட்டை அப்ப எங்க இருந்திச்சி?"

அந்த நாட்களில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பழைய கதை எதுக்கு" என்று ஷாம் வாசல் பக்கம் நகர்ந்தான். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சி."

தங்கப்பாண்டி இதொன்றும் காதில் விழாதவனாக, உப்பைச் சுரண்டுவதற்காக மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தான். சாய்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏலே, இது என்ன கூத்து" என்றான்.

சுதா குனிந்தாள். விஜிலாவும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"கம்பி துருப்பிடிச்சி அத்துப் போயிருக்கும்" என்று வாசலிலிருந்து ஷாம் சொன்னான். "உப்புக் காத்துல்லா. புதுசா ஒண்ணு போட்டுரு."

மிஷினின் வயிற்றில், எடையைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கும் மூடிக்கு மேலே, அரசு முத்திரை குத்திய ஈயக்குண்டு தொங்கியது. அதைக் கோத்திருக்க வேண்டிய கம்பி அங்கே இல்லை. அதற்குப் பதில் தூண்டில் நரம்பு. சுற்றிலும் இரும்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்க, அந்த நரம்பு மட்டும் கடையில் வாங்கி வந்த மேனிக்குப் பளபளத்தது. ஒரு நாள் காற்றுக்கூட அதன் மேல் படவில்லை.

"எவனோ தொறந்திருக்கான்" என்றான் தங்கப்பாண்டி. "முன்னாடி கொறச்சி வச்சிருந்ததை இப்ப சரி பண்ணி மூடியிருக்கான். நான் வந்து பாக்கும்போது மிஷின் சரியா இருக்கணும்னு செஞ்ச மாதிரி இருக்கு."

மிஷின் சரியாக இருந்தால் கோளாறு கையில்தான் என்று நேற்று போனில் சொன்ன குரல் சுதாவுக்குள் மறுபடி கேட்டது. தங்கப்பாண்டி வரப்போவது நேற்றே தெரிந்தவர்கள் அவளும் அண்ணனும் மட்டும்தான். புருஷனுக்கே இன்று காலையில்தான் சொன்னாள்.

அவள் நிமிர்ந்தாள். ஷாமைப் பார்த்தாள்.

"அண்ணே, நீ வந்து குனிஞ்சே பாக்கலியே. கம்பின்னு இங்க யாரு சொன்னா?"

ரோட்டைப் பார்த்து நின்ற அபிலாஷ் திரும்பினான்.

கடை ஷட்டரின் மறுசாவி தொங்கும் வளையத்தை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த ஷாம், சுற்றுவதை நிறுத்தி, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.